லுசாக்காவில் கேட்ட ‘இயாயி’

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. காலை ஆறு பத்துக்கு எழுந்து, அம்மாவுக்குச் சீனி அளவு பார்த்து, மாத்திரைகளும் தேநீரும் கொடுத்து, உடுப்புகளை மெஷினில் போட்டுவிட்டு, ஒன்பதரைக்கு லண்டன் நோர்பரி பெரிய வீதிக்குப் போனேன். வழக்கமான தமிழ்க்கடையில் கீரை வாடியிருந்ததால் இரண்டு கடை தள்ளியிருந்த ஆப்பிரிக்கக் கடைக்குள் நுழைந்தேன். நுழைந்ததுமே அந்த மணம் மூக்கில் ஏறியது: வெயிலில் காய்ந்த, உப்பும் லேசான புகையும் கலந்த, சுண்டுவிரல் அளவுச் சின்ன மீன்களின் மணம். பொதியைத் திருப்பிப் பெயரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ‘கபென்டா’. நான் வளர்ந்த லுசாக்காவில் நாங்கள் நெத்தலி என்று எண்ணிப் பொரித்துத் தின்றது இதைத்தான்.

அப்பா புவியியல் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நாட்களில் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போன பலருள் ஒருவர். ஞாயிறு மாலைகளில் அம்மாவையும் என்னையும் கெய்ரோ ரோட்டில் நடக்கக் கூட்டிப்போவார். கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ஒரே பாதை போட வெள்ளைக்காரர் கண்ட கனவில் மிஞ்சிய பெயர் அது. நடக்கும்போதும் அவருக்கு வகுப்புத்தான். “இது ரயில் நிக்கிற ஒரு சின்ன இடமா இருந்தது, பிள்ளை. லுசாக்கா எண்டது இங்க இருந்த ஊர்த்தலைவன்ர பேர். தலைநகரை இங்க கொண்டுவரேக்க வெள்ளைக்காரன் தனக்கு மரமும் நிழலும் வச்சு வடிவா வரைபடம் கீறினான். வேலைசெய்யிற சனம் எங்க படுக்கும் எண்டு கீற மறந்துபோனான்.”

அப்படி மறக்கப்பட்டவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்புகளை அங்கே ‘காம்பவுண்ட்’ என்பார்கள். விடுதலைக்குப் பிறகும் அவை பெருகிக்கொண்டே இருந்தன. எங்கள் ஆசிரியர் குடியிருப்புக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த ஒன்றிலிருந்துதான் பனா மெர்சி வருவார். கைக்குழந்தையைச் ‘சித்தெங்கே’ துணியால் முதுகில் கட்டி, தலையில் கபென்டாக் கூடையுடன் எங்கள் கேற்றில் நின்று குரல் கொடுப்பார். ‘பனா மெர்சி’ என்றால் மெர்சியின் தாய். மெர்சிக்கு என் வயது, எட்டு. மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டில் இருப்பாள். சில நாட்களில் அவனையும் இழுத்துக்கொண்டு தாயின் பின்னால் வருவாள். நாங்கள் இருவரும் வேலியோரம் கல் விளையாடுவோம். எனக்கு அந்த ஊரில் அவளைவிட்டால் வேறு சிநேகிதி இல்லை. வகுப்பில் என் பக்கத்துக் கதிரை அந்தத் தவணை தொடங்கியதிலிருந்தே காலியாக இருந்தது.

அம்மாவுக்கு நியாஞ்சா மொழி தெரியாது. பனா மெர்சிக்குத் தமிழ் தெரியாது. இருவரிடமும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்தாலும் ஒரு வசனம் வராது. ஆனாலும் தினமும் அரைமணி நேரம் பேசுவார்கள். விலை குறைக்கச் சொன்னால் பனா மெர்சி தலையை இடமும் வலமும் ஆட்டி, “இயாயி, அமாய், இயாயி” என்பார். ‘இல்லை அம்மா, இல்லை’ என்று அர்த்தம். அம்மாவின் காதில் அது ‘ஐயா, அம்மா’ என்று விழுந்தது. “பார் பிள்ளை, எங்கட ஆக்கள் மாதிரியே மரியாதை” என்று பூரித்துப்போவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகி எனக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

மழைக்கு முந்திய அக்டோபர் அது. வெயில் கொதித்தது, வீதியெல்லாம் ஜகரண்டாப் பூக்கள் ஊதா நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒரு காலையில் அம்மா என்னுடைய பழைய சீருடையைத் தோய்த்து மடித்து எடுத்துக்கொண்டு கேற்றுக்கு வந்தார். தலைமையாசிரியையிடம் ஏற்கெனவே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார். “மெர்சி, ஸ்கூல். நான் கூட்டிக்கொண்டு போகட்டோ?” என்று சைகையோடு கேட்டார்.

பனா மெர்சி மெர்சியைப் பார்த்தார், அவள் கைபிடித்து நின்ற சின்னவனைப் பார்த்தார். “இயாயி, அமாய்.” தலை இரண்டு பக்கமும் அசைந்தது. “இயாயி. இயாயி.”

அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாகச் சந்தேகப்பட்டார். என் பக்கம் திரும்பி, “என்ன பிள்ளை சொல்லுறா?” என்று கேட்டார்.

“ஓம் எண்டு சொல்லுறா, அம்மா.”

அடுத்த நாள், பனா மெர்சி கபென்டா எடுக்கப் போயிருந்த நேரம், அம்மா காம்பவுண்டுக்கே போய் மெர்சிக்குச் சீருடை போட்டுக் கூட்டிவந்தார். சின்னவனைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் சைகையில் ஒப்படைத்தார். இரண்டு கிழமை மெர்சி என் பக்கத்தில் இருந்தாள். தாயும் மகளும் அந்த நாட்களில் என்ன பேசிக்கொண்டார்களோ, நான் கேட்கவில்லை. மூன்றாம் கிழமை ஒருநாள் கிழவி அசந்த நேரத்தில் சின்னவன் வெளியே போய், மாலைவரை காணாமல்போய், தண்டவாளத்தோரச் சந்தையில் யாரோ ஒருத்தியின் தக்காளிக் கூடைக்குப் பின்னால் தூங்கியபடி கிடைத்தான். மறுநாள் பனா மெர்சி வகுப்புக்குள் வந்து, ஆசிரியையிடம் எல்லார் முன்னாலும் சொன்னார்: நான் ‘இல்லை’ என்றுதான் சொன்னேன், ‘இல்லை’ என்றுதான் சொன்னேன். பிறகு மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் கேற்றைக் கடக்கும்போது அவர் குரல் கொடுப்பதில்லை. ‘வீட்டுப் பிரச்சினை’ என்று மட்டும் ஆசிரியை அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்.

அடுத்த ஆண்டு லண்டனுக்கு வந்துவிட்டோம். அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் கபென்டா பொரித்தபோது, மணம் பிடித்து அம்மா தடியை ஊன்றிக் குசினிக்கு வந்தார். வந்ததும், இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

“நான் என்ன குறை விட்டன் எண்டு அந்த மனுசி பிறகு வரேல்லை?”

அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னேன். ‘இயாயி’ என்றால் என்ன, அன்று நான் ஏன் மாற்றிச் சொன்னேன், எல்லாம்.

அம்மா முதலில் சிரித்தார். “அப்ப இவ்வளவு நாளும் ‘இல்லை இல்லை’ எண்டவளுக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன்.” பிறகு கதிரையில் இருந்தார். “அப்ப நான் ஒருத்தியின்ர பிள்ளையைக் களவெடுத்திருக்கிறன்.”

“நீங்கள் நல்லதுக்குத்தானே அம்மா…”

“வாயை மூடு. அவ சொன்னவ. எனக்கு விளங்கேல்லை, உனக்கு விளங்கினது.” பிறகு, “அவவின்ர பேர் என்ன?” என்று கேட்டார்.

தெரியாது. பனா மெர்சி என்பது பெயரே அல்ல. போனில் லுசாக்காவின் வரைபடத்தையும் வீதிப் படங்களையும் திறந்து காட்டினேன். எங்கள் குடியிருப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு ஷாப்பிங் மால். தண்டவாளத்துக்கு மேலால் பாலம். அப்பா நடந்து காட்டிய நிழல்மரங்களில் பாதி இல்லை. காம்பவுண்ட் மட்டும் முன்னையதைவிடப் பலமடங்காய்ப் பரந்து கிடந்தது, பெயரில்லாத ஆயிரம் சந்துகளோடு. அம்மா விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“அண்டைக்கும் டயரி எழுதினனிதானே? என்னெண்டு எழுதி வச்சிருக்கிறாய்?”

லுசாக்காவில் டயரி எழுதவென்று அப்பா வாங்கித் தந்த முதல் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து வந்தேன். பென்சிலில், பெரிய எழுத்தில்: ‘மெர்சியின் அம்மா ஓம் என்று சொன்னார்.’

அம்மா இரண்டு தரம் வாசித்தார். “அழிக்காதை. நீ பொய் சொன்னதும் கிடக்கட்டும். அவ சொன்னதையும் எழுது.”



ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்பே, கொப்பியைத் திறந்து அந்த வரிக்குக் கீழே கறுப்பு மையில் எழுதினேன்: அவர் ‘இல்லை’ என்றார். மூன்று தடவை.