நாலு மூலையிலும் வாளிக்காரர்

வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்கு டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ட்ரங்க் கால் போட்டுக் கொடுப்பேன். மண்டிக்காரர்கள் கத்துவார்கள். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்து லாட்ஜுகளில் ரூம் கேட்டு மதராஸ்காரர்கள் கெஞ்சுவார்கள். வீட்டுக்கு வந்தால், கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்றிருக்கும்.

மாடியில் நான். கீழே வீட்டுக்கார அக்காவும் அவள் மாமியாரும். அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், கப்பலில் பம்பாய் வந்து ரயிலேறி ஊர் திரும்பிய அவருடைய கூட்டாளி ஒருவர், பெரிய பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ரிக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டிகள். கூடவே ஒரு கடிதமும் ரிக்கார்டு ஒன்றும். 'இது கடைக்காரன் சும்மா தந்தது. என்ன பாட்டுன்னு எனக்குத் தெரியாது. கேட்டுப் பாரு.'

வீட்டில் வேறு ரிக்கார்டு கிடையாது. அதனால் அதைத்தான் போட்டோம். முதலில் தண்ணீர் சொட்டியது. அப்புறம் யாரோ மரம் அறுத்தார்கள். திடீரென்று ஏகப்பட்ட பியானோக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அக்கா முள்ளைத் தூக்கிவிட்டாள்.

"ரிக்கார்டு கெட்டுப் போச்சு போலுக்கு."

"பாட்டு எப்பம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார் மாமி.

அட்டையில் தாடி வைத்த ஒருவர் தகர வாளியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். எழுத்து என்ன மொழியோ தெரியவில்லை. அக்கா அவருக்கு வாளிக்காரர் என்று பேர் வைத்தாள். கிண்டலாகத்தான் வைத்தாள். ஆனால் மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும் போட்டாள். நாலாம் நாள் பார்த்தால், அவரைக்காய் நறுக்குகிற அவள் கத்தி அந்தத் தண்ணீர்ச் சொட்டோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு பெட்டி கரகரத்தது. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் செட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நாலு பெட்டிக்குக் கம்பி சொருக இடம் இருக்கு. மத்த ரெண்டும் எங்கம்மா?" என்று கேட்டார்.

அக்கா மாமியைப் பார்த்தாள். மாமி சுவரைப் பார்த்தார்.

"பீரோ மேல இருக்கு," என்றாள் அக்கா. "சின்ன மவனுக்குன்னு மாமி எடுத்து வச்சிருக்காவ."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு போதாதா?" என்றார் மாமி.

"நாலும் சேந்தாத்தான் ஒரு செட்டு, ஆச்சி. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. பிரிச்சா யாருக்கும் பிரயோசனமில்ல," என்றார் அண்ணாச்சி.

மாமி அரைமனதாகத் தலையாட்டினார். பெட்டிகள் இறங்கின. அறையின் நாலு மூலையிலும் வைத்து, ஏதோ ஒரு குமிழைத் திருப்பிவிட்டு, எங்களை நடுவில் பாய் போட்டு உட்காரச் சொன்னார்.

மழை எங்களுக்குப் பின்னால் தொடங்கியது. மாமி சட்டென்று எழுந்தார். "வத்தல் காயுதுட்டி" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் முறம் நிறைய மிளகாயோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"வெளிய வெயிலுல்லா அடிக்குது," என்றார்.

அக்கா சிரித்துச் சிரித்துப் பாயிலேயே சாய்ந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் மாமியும் முறத்தோடு உட்கார்ந்து சிரித்தார்.

அதற்குள் யாரோ வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களைச் சுற்றி நடந்தார்கள். ரம்பம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போனது. பிறகு பியானோக்கள் வந்தன. ரெண்டு பெட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கத்தியவை, இப்போது மூலைக்கு மூலை உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டன. எத்தனை பியானோ என்று எண்ணக்கூட முடிந்தது. ஐந்து. தினமும் ஒற்றைக் காதில் ஊர்ச் சத்தமெல்லாம் வாங்குகிறவள் நான். சத்தத்துக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. யாரும் என்னிடம் நம்பர் கேட்கவில்லை.

கிளம்ப எழுந்த அண்ணாச்சி, பையைக் கீழே வைத்துவிட்டு ரெண்டாம் பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் போனார். அப்புறம் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை வந்தார். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமி அந்தப் பெட்டிகளைத் திருப்பிக் கேட்கவே இல்லை. பார்க்க வருகிற சொந்தக்காரப் பெண்களை நடுவில் உட்காரவைத்து, "இப்பம் பின்னால வருவான் பாரு" என்று முன்கூட்டியே சொல்லி, எல்லாவற்றையும் கெடுப்பார்.

அக்கா துபாய்க்குக் கடிதம் எழுதினாள். வாளிக்காரர் போட்ட வேறு ரிக்கார்டு இருந்தால் வாங்கி வரவும். அட்டையில் இருந்த எழுத்துகளை நான் கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்தேன். 'நீ வளையல் கேப்பேன்னு நெனச்சேன்' என்று பதில் வந்தது.

அடுத்த சாரல் சீசனுக்கு அக்காவின் கணவர் லீவில் வந்தபோது, சூட்கேஸுக்குள் சட்டைகளுக்கு நடுவே மூன்று ரிக்கார்டுகள் இருந்தன. "இந்த ஆளைத் தேடி வந்தது நீ ஒருத்தன்தான்னு கடைக்காரன் சொன்னான்," என்றார். அவர் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. பாயின் நடுவில் அவரை உட்காரவைத்தோம். விறைப்பாகத்தான் உட்கார்ந்தார். பாதியில் கால் நீட்டினார்.

"அங்க ஒரு ரூம்ல எட்டு பேர். நாலு பக்கமும் சத்தம்தான்," என்றார் மெதுவாக. "அதுல ஒருநாளும் கண்ண மூடிக் கேக்கணும்னு தோணினதில்ல."

அக்கா ரிக்கார்டைத் திருப்பிப் போட்டாள்.

மூன்றில் ஒன்று எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் தவளைகள். மாமிக்கு மட்டும் அதுதான் உசத்தி. மறுநாள் எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். புளியோதரை தின்றுவிட்டு, ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நிற்கையில் அக்காவும் கணவரும் எந்த ரிக்கார்டு நல்லது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். தென்காசி வந்து இறங்கும்வரை அது முடியவில்லை.