பாணி ஊற்றாத இரண்டு நாட்கள்

ஆனி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை மின்சாரம் நின்றிருந்தது. என் கணவர் நாவற்குடா வீட்டின் முன் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை, காற்றும் இல்லை. ஆனாலும் அவர் கையிலிருந்த பத்திரிகை படபடத்தது.

“என்னங்க, கை நடுங்குது?”

“ஆர்ர கை? பேப்பர்தான் ஆடுது.”

சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தபோதும் அவர் அதே பக்கத்தில்தான் இருந்தார்.

எனக்கு எதையும் திகதியிட்டு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. மாவட்டச் செயலகமான கச்சேரியில், ஆவண அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அன்றும் எழுதினேன்: “மின்வெட்டு எட்டு முதல் பத்தரை. அவருக்குக் கை நடுக்கம்.” எழுதியதோடு சரி. அவரை வைத்தியரிடம் கூட்டிப்போக இன்னும் பதினேழு நாட்கள் எடுத்தேன். அந்தப் பதினேழு நாட்களில் அவர் பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் வந்தார். நில அளவையாளராக இருந்தவர். அவருடைய எழுத்து அச்சுப் போல இருக்கும். அந்த மாதம் வங்கியில் போட்ட கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தது. வயது போகிறது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனோம். வைத்தியர் என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண்.

“ஐயா, வாகனத்த மறிக்கிற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிப் பிடிங்க பாப்பம்.”

நீட்டினார். உள்ளங்கைகள் தாமாகச் சரிந்து சரிந்து எழும்பின. பிறகு வைத்தியர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை வரிசையாகக் கோட்டால் இணைக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் புள்ளிகளுக்கிடையே கோடு இழுத்த மனிதர் பதினொன்றில் நின்றுவிட்டார். பன்னிரண்டு அவர் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“குடிக்கிறவரா?” என்று என்னிடம் கேட்டார் வைத்தியர்.

“கலியாண வீட்டுச் சோடாவுக்கு மேல நான் ஒண்டும் குடிச்சதில்ல டொக்டர்,” என்று அவரே பதில் சொன்னார்.

ஸ்கேன் வந்தது. சிரோசிஸ் (ஈரலில் தழும்பு ஏறி அது சுருங்கிக் கடினமாகிப் போதல்). மது இல்லாமலும் வரலாம். நெடுநாள் சர்க்கரை நோயும் ஈரலில் சேரும் கொழுப்பும் போதும். ஆனால் குழப்பத்திற்கு உடனடிக் காரணம் குடலில் இருந்தது. ஹெபாடிக் என்செபலோபதி (ஈரல் பழுதானதால் மூளை மங்குதல்) என்று வைத்தியர் எழுதித் தந்தார்.

நம் குடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் உண்பதைப் பிரிக்கும்போது அவை அமோனியாவையும் உண்டாக்குகின்றன. எல்லோருடைய குடலிலும் நடப்பதுதான். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் முதலில் ஈரலுக்குப் போகும். ஈரல் அமோனியாவை எடுத்துவிடும். தழும்பேறிய ஈரலால் அது முடியாது. நஞ்சு இரத்தத்தோடு மூளைக்கு ஏறும். வைத்தியர் இதைச் சொல்லி முடித்ததும் என் கணவர், “அப்ப சென்றியில ஆள் இல்ல எண்டுறீங்க,” என்றார். வைத்தியர் சிரித்துவிட்டார். இந்தப் பக்கத்தில் சென்றி என்ற சோதனைச் சாவடி தெரியாதவர் யார்.

மருந்து இரண்டு. ஒன்று ரிஃபக்சிமின் குளிசை (குடலுக்குள்ளேயே பெரும்பாலும் தங்கி அங்குள்ள கிருமிகளை அடக்கும் நுண்ணுயிர்க்கொல்லி). மற்றது லக்டுலோஸ் பாணி (நம்மால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரையின் பாகு). குடல் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பில் அமோனியா இரத்தத்திற்கு ஏறாமல் குடலிலேயே சிக்கி மலத்தோடு வெளியேறும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போக வேண்டும். குறைந்தால் பாணியைக் கூட்ட வேண்டும். மிஞ்சினால் உடலில் நீர் வற்றும், ஆகவே குறைக்க வேண்டும்.

நான் ஒரு கொப்பி வாங்கினேன். நேரம், பாணியின் அளவு, எத்தனை தரம். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“நான் கக்கூசுக்குப் போறத எழுதுறதுக்கு ஒரு உத்தியோகம். இதுக்கும் பென்சன் இரிக்கா?”

பத்தாம் நாள் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது. மூன்றாம் கிழமை அந்த எண் தாளை ஒரே மூச்சில் இணைத்துக் கொடுத்தார். கொப்பியில் இரண்டு, மூன்று என்று இருந்த நாட்களில் அவர் அவராக இருந்தார். ஒன்று என்று இருந்த நாளின் மறுநாள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இவ்வளவு தெளிவாகப் பேசிய ஆவணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாணி குறைந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது; அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடுத்த வருடம் ஆவணியில் மகள் சுகன்யாவுக்குக் கலியாணம். ஞாயிறு காலை முகூர்த்தம், பட்டணத்தில் மண்டபம். வெள்ளிக்கிழமையே வீடு நிறைந்துவிட்டது. பதினான்கு பேருக்கு ஒரு மலசலகூடம். அவர் வெளியே நின்று கதவைத் தட்டுவதை இரண்டு முறை பார்த்தேன். மாப்பிள்ளையின் சித்தி, “மச்சானுக்கு வயித்துக் கோளாறா?” என்று கேட்டார். தேநீர் ஊற்றிக் கொண்டுவருகிறேன் என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சுகன்யா கொப்பியைக் கண்டுவிட்டாள். “அம்மா, இதையும் ஹோலுக்குக் கொண்டு வரப்போறீங்களா? மாப்பிள வீட்டாக்கள் திறந்து பாத்தாங்கெண்டா அவ்வளவுதான்.”

பகிடியாகத்தான் சொன்னாள். நான் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மண்டபத்தின் மலசலகூடம் பின்பக்கம் இருந்தது. மணவறையிலிருந்து அங்கே போக, சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். அவர் பட்டு வேட்டியில், விரதத்தோடு, மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க உட்கார்ந்திருப்பார். பாதியில் எழும்பினால்? அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை.

வெள்ளி இரவு பாணியைப் பாதியாகக் குறைத்தேன். சனிக்கிழமை ஊற்றவேயில்லை. ஞாயிறு காலையும் இல்லை. ரிஃபக்சிமினை மட்டும் கொடுத்தேன். கிருமிகளை அது அடக்கும், இரண்டு நாளைக்குத் தாங்கும் என்று நானே கணக்குப் போட்டேன். அரைகுறையாக வாசித்தவளின் கணக்கு. அவர் ஒரு முறை, “பாணி குடிச்சனானா?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மருந்து விஷயத்தில் என்னை நம்பிப் பழகிவிட்டார்.

ஞாயிறு காலை ஏழரைக்கு வேட்டி கட்டத் தெரியாமல் நின்றார். பதற்றம் என்று எண்ணி நான் கட்டிவிட்டேன். மண்டபத்தில் ஐயர் தர்ப்பையைக் கொடுக்க, அதை வாங்கிக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னபோது என் கணவர் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளி, “நீ ஆரு? என்ட மகளுக்குப் பக்கத்தில ஏன் இரிக்கிறாய்?” என்று உரத்துக் கேட்டார். எழும்பப் போய்ச் சரிந்தார்.

எனக்குப் பின்னால் யாரோ சொன்னது கேட்டது: “மகள்ர கலியாணத்தண்டைக்குமா?”

வாழ்நாளில் ஒரு துளி குடிக்காத மனிதர்.

என் தம்பி தாரை வார்த்துக் கொடுத்தார். நான் தாலி ஏறுவதைப் பார்க்கவில்லை; அவரோடு அம்புலன்சில் இருந்தேன். ஆஸ்பத்திரி விடுதியில் அதே பாணியை ஆசனவாய் வழியாக எனிமாவாகச் செலுத்தினார்கள். வைத்தியர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பாணி ஒழுங்காக் குடிச்சவரா அம்மா?”

“கலியாண வேலைக்குள்ள நான் கவனிக்கல்ல டொக்டர்,” என்றேன்.

அவர் குனிந்து எழுதினார்: “மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை.” சிகிச்சை அதனால் மாறவில்லை. மாறியது வேறு.

செவ்வாய் மாலை அவர் கண் விழித்து என் பெயரைச் சொன்னார். தாதி அவரிடம் செல்லமாகக் கண்டிக்கும் குரலில், “மருந்தக் குடிக்காம எல்லாரையும் பயப்படுத்திப்போட்டீங்க அப்பா,” என்றார். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவும் நினைவில்லை. தானே பாணியை விட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். நான் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தேன்.

ஐந்து மாதங்கள் அப்படியே போயின. தை மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் வாவிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். மழைக்காலம் முடிந்து தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தது.

“அண்டைக்கு நான் பாணியக் குடிக்காம விட்டதுக்கு நீ ஒரு நாளும் என்ன ஏசல்ல நாகேஸ்,” என்றார். “போன கிழம சுகன்யாட்டயும் மாப்பிளையிட்டயும் மன்னிப்புக் கேட்டன். என்ட பிழைதானே.”

அதற்குப் பிறகும் வாய் மூடியிருக்க என்னால் முடியவில்லை. வெள்ளி இரவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விடுதியில் வைத்தியரிடம் சொன்னதையும் சொன்னேன்.

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை விட்டார்.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா?”

“குடிச்சிருப்பன். மூண்டு தரமில்ல, அஞ்சு தரமெண்டாலும் எழும்பிப் போயிருப்பன்.”

“சனம் பாக்கும்.”

“பாக்கட்டும்கா. சங்கிலி பிடிச்சி அளந்த காலத்தில நான் எத்தின வட்டைக்குள்ள குந்தியிருப்பன். வயல்காரனெல்லாம் பாத்தவன்தானே. எனக்கென்ன வெக்கம்?” சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. “மகளக் கையப் பிடிச்சிக் குடுத்திருப்பன்.”

அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம் என்னுடையது. அதற்கு விலையாக அவருடைய நாளைக் கொடுத்தேன், அவரைக் கேட்காமல்.

அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பழைய வரியை வெட்டவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதித் திகதியிட்டார். “இனிக் குறைக்கிறதெண்டாலும் கூட்டிறதெண்டாலும் முதல்ல என்னட்டக் கேளுங்க அம்மா. மறுகா ஐயாட்டயும் கேளுங்க,” என்றார். மகளிடமும் மருமகனிடமும் நான் போய்ச் சொன்னேன். மகள் அழுதாள். கொப்பியைப் பற்றித் தான் சொன்னதை நினைத்து அழுதிருக்கலாம். அந்தப் பாரத்தையும் அவள்மேல் ஏற்றிவிட்டேனோ என்று இன்றும் தெரியவில்லை.

இதே நோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எழுத்து சரிந்தால், பகலும் இரவும் இடம் மாறினால், அன்றே கூட்டிப் போங்கள். பாணி வெறும் பேதி மருந்து அல்ல. அந்த மனிதரின் புத்தி அதில் இருக்கிறது. மலசலகூடத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டுப் பாணியை நிறுத்தாதீர்கள்.

அவர் இப்போது நல்ல நாட்களில் நன்றாக இருக்கிறார். ஈரல் திரும்பாது. முன்பு ஒரு மனிதர் என்றால் முகம், குரல், கையெழுத்து என்று எண்ணியிருந்தேன். அவருடைய குடலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் நாளைக்கு அவர் என் பெயரைச் சொல்வாரா என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் நாள் விடிவது சூரியனோடு அல்ல. அவர் முதல் தரம் போய் வந்து, அடுப்படி வாசலில் நின்று ஒரு முழு வசனம் பேசும்போதுதான் எனக்கு அன்றைய திகதி தொடங்குகிறது.

அவருடைய நினைவில் அந்தச் சனி மத்தியானத்திற்குப் பிறகு நேரே செவ்வாய் மாலைதான் வருகிறது. இடையில் மகளுக்குக் கலியாணம் நடந்துவிட்டது. மாதத்தில் ஒருநாளாவது, “முதல்ல இருந்து சொல்லு,” என்று கேட்பார். நான் மணி தவறாமல் சொல்வேன். பூத்தட்டு, மேளம், மகளின் சேலை. வேறு ஊர்ச் செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மாப்பிள்ளையைத் தள்ளிய இடம் வரும்போது நான் வேகத்தைக் கூட்டுவேன். உடனே கையை உயர்த்தி நிறுத்துவார்.

“அத விட்டுப்போடாத. அதுவும் நான்தானே.”

விடாமல் சொல்கிறேன்.