மகள் வரைந்த வெல்டிங் கொட்டில்

மகள் கட்டடக்கலை படிக்கிறாள். கடும் வெயிலுக்கு ஏற்பக் கட்டடங்களை மாற்றியமைக்கும் மாணவர் போட்டி ஒன்றுக்கு அவள் வரைந்ததைப் பிரின்ற் எடுக்க, இன்று சுன்னாகத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தாளை விரித்துப் பார்த்தார். "அண்ணை, இது உங்கடை வெல்டிங் கொட்டில் எல்லோ?"

ஓம், என்ரை தகரக் கொட்டிலேதான். ஆனால் அவள் வரைந்ததில் தகரத்துக்கு மேலே இன்னொரு கூரை, நடுவில் காற்றுப் போக இடைவெளி.

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். "ஏன் பிள்ளை, வேறை நல்ல கட்டடம் கிடைக்கேல்லையோ?"

"மத்தியானத்திலை நீங்கள் வேர்வையிலை நனைஞ்ச சேட்டைப் பிழிஞ்சு பிழிஞ்சு போடுறதை எத்தினை வருசமாப் பாக்கிறன், அப்பா."

"சரி, போனை வையம்மா" என்றேன். தாளைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

பரிசு கிடைக்குமோ தெரியாது. நாளைக்கே அந்தக் கூரைக்குக் கம்பி வெட்டப் போகிறேன்.

என்னிடம் இரும்புக் கேற் செய்யத் தந்தவர்களே, இரண்டு கிழமை பொறுப்பீர்களா?