தீவுக்குப் போகாத பாவாடை

தாயை இழந்து பதினாறு நாள்கூட ஆகாத ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். அவள் என் அத்தை மகள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது. பாம்பன் பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போனதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. அத்தையின் அஸ்தியைக் கரைக்க மாமா அவளையும் இராமேஸ்வரத்துக்குக் கூட்டிப் போவதாக இருந்தார். என் காதில் விழுந்ததெல்லாம் ரயில், கடல்மேல் பாலம், அந்தப் பக்கம் ஒரு தீவு என்பதுதான். நான் திண்டுக்கல்லைத் தாண்டிப் பார்த்த ஒரே ஊர் செம்பட்டி.

புறப்படும் நாளில் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கம்மலக் கழட்டிக் குடுத்துட்டுப் போ தாயி, அலையில விழுந்துட்டா கெடைக்காது. அங்க நல்ல தண்ணிக்குக் கஷ்டம், கூஜாவுல இங்கேருந்தே கொண்டு போங்க. சாப்ட்ட எலையக் கடல்ல போடாத. சங்கு, கல்லுன்னு ஒண்ணையும் பொறுக்கிட்டு வராத, அது அங்கயே கெடக்கட்டும். இருபத்திரெண்டு தீர்த்தத்துலயும் ஊத்துவாங்க, மாத்துத் துணி இல்லாட்டி வெடவெடத்துப் போவ."

எனக்கு இத்தனை புத்திமதி யாரும் சொன்னதில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மாற்றுத் துணி என்று அம்மா எடுத்து வைத்தது தீபாவளிக்கு எடுத்த என் நீலப் பாவாடையை. எல்லோரும் ஜட்கா வண்டி வந்துவிட்டதா என்று வாசலுக்குப் போன நேரத்தில் பையிலிருந்து அதை உருவி, நெல் மூட்டைக்குப் பின்னால் திணித்துவிட்டேன். நனைந்துகொண்டே வரட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் வந்து இறங்கியபோது கட்டியிருந்தது அத்தையின் சேலை! இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தோளில் போட்டிருந்தாள். அத்தை கடைசியாகக் கட்டிக் கொடியில் போட்டிருந்த சேலை அது. எங்கள் வழக்கப்படி அஸ்தியோடு அதையும் கடலில் விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் மாமா கொண்டு போனார்.

"பிள்ள நனஞ்சுபோய் நடுங்குது, பையில துணியக் காணோம். கைக்கு அதுதான் அம்புட்டுச்சு. கட்டிவிட்டதுக்கப்புறம் கழட்டித் தர மாட்டேன்னுட்டா" என்றார் மாமா.

"நான் பாவாட வச்சேனே?" என்றாள் அம்மா.

"நாந்தான் எடுக்க மறந்துட்டேன் அத்தே" என்றாள் அவள், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு.

அவளைத் தண்டிக்கப் போய், அவளுக்கு முழுசாக ஒரு சேலை கிடைக்கும்படி செய்துவிட்டேனே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி அவள் எங்கள் வீட்டிலேயே இருப்பாள் என்று ஆயிற்று. சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்தான் படுப்பாள். துவைக்கப் போடச் சொன்னால் மாட்டேன் என்பாள். எண்ணெயும் மஞ்சளும் அடுப்புப் புகையும் ஏறிய சேலை. என் சட்டையில் ஒரு கறை இருந்தாலே கத்துகிற அம்மா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு நாள் அவள் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தாள். நான் அந்தச் சேலையைக் கிணற்றடிக்கு எடுத்துப் போய், அரைக் கட்டிச் சோப்பு கரையும்வரை தேய்த்து, கல்லில் அடித்து, மூன்று தண்ணீர் விட்டு அலசிக் காயப்போட்டேன். அம்மா வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, என் மகள்தான் சமத்து என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அத்தை மகள் வந்து பார்த்தாள். ஓடிப்போய்ச் சேலையின் ஒரு முனையை முகத்தில் வைத்து அழுத்தி முகர்ந்தாள். பிறகு மறு முனையை. பிறகு நடுவில் கை வைத்த இடத்திலெல்லாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடி அவளை மடியில் அள்ளிக்கொண்டு அழுதாள்.

என்னைத் திட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கை வலிக்கத் துவைத்தவள் நான், மடி மட்டும் அவளுக்கா என்று நின்றுகொண்டிருந்தேன்.