ஒன்பது மாடியும் லிஃப்ட்டம்மாவும்

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குற்றப்பத்திரிகையாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். பாதி அப்படித்தான். என் அண்ணியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக அவருக்கு லிஃப்ட் ஓட்டும் வேலை. கட்டடத்துக்கே அவர் லிஃப்ட்டம்மா. மூலையில் ஒரு முக்காலி, கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான்கள். லிஃப்ட் நிற்கும்போது வரும் சத்தத்தை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு எந்த மாடி என்று சொல்லிவிடுவார். மனிதர்களுக்கும் அவரிடம் பெயர் கிடையாது, இறங்கும் மாடிதான் பெயர். "ஆறாம் மாடிக்கு இன்னைக்கு மூஞ்சியே சரியில்ல" என்பார் வீட்டுக்கு வந்து. நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிறவர் நடந்தது என்னவோ பத்தடிகூட இருக்காது. மதியம் கட்டடத்துக்குப் பின்னால் காவலாளிகளோடு இரண்டு சிகரெட். அது அண்ணனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். தெரியாத மாதிரி இருப்பதில் அண்ணன் கைதேர்ந்தவர்.

ஐம்பத்தோரு வயதில் வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்று சொல்லி மூன்று மாதத்தை ஓட்டினார். பரிசோதித்தபோது சினைப்பையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு ஆறு முறை கீமோ. கடைசியில் டாக்டர், இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இல்லை, ஆனால் திரும்பி வரக்கூடிய நோய் இது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

நானும் அண்ணனும் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. தண்ணீர்கூட கைக்குப் போனது. அன்பு என்று சொல்லிக்கொண்டோம். பயம், வேறொன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் பெரியம்மா பழங்களோடு வந்து, இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு அசையாமல் பேசினார்.

"எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தா, ஊருக்குத் தெரியாம புகையும் பிடிச்சா, வராம என்ன செய்யும்?"

"அப்போ நீங்க ஏன் இவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கீங்க பெரியம்மா? எழுந்திரிங்க" என்றார் அண்ணி.

ஆனால் அந்தப் பேச்சு அவரைச் சுட்டிருக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது நர்ஸிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"என்னாலதான் வந்துச்சா?"

"உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இனிமே என்ன செய்யலாம்னு கேளுங்க, சொல்றேன். சிகரெட்டு, உட்கார்ந்தே கிடக்குறது, எடை ஏறுறது இதெல்லாம் உடம்புக்குள்ள அழற்சிய அடங்க விடாது. புண்ணு பட்ட இடம் சிவந்து வீங்குதுல்ல, அந்த மாதிரி ஒண்ணு உள்ளுக்குள்ள ஓயாம நடந்துக்கிட்டே இருக்கும். அது குறைவா இருக்கிறவங்க கொஞ்சம் கூடுதலா வாழுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. உத்தரவாதமெல்லாம் கிடையாது."

"உத்தரவாதம் யாரு கேட்டா? வழியச் சொல்லுங்க."

"மெதுவா நடக்க ஆரம்பிங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க. யாராவது சொன்னாங்கன்னு நீங்களா எந்த மாத்திரையும் போடாதீங்க."

அன்றோடு சிகரெட் நின்றது. நின்றது என்று சுலபமாக எழுதிவிட்டேன். மூன்று வாரத்துக்கு வீட்டில் ஒருவரும் அவர் முன்னால் வாய் திறக்க முடியவில்லை. நடைக்குக் கிளம்பினால் அண்ணன் செருப்பை ஒளித்து வைத்தார். அண்ணி அண்ணனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்று அண்ணன்தான் வெறுங்காலோடு கடைக்குப் போனார்.

நாலு மாதத்தில் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். லிஃப்ட்டைத் திறப்பதற்கு முன்னால் படியேறுவது என்று முடிவு. பத்தொன்பது வருடத்தில் அந்தப் படிக்கட்டை அவர் பார்த்ததே இல்லை. இரண்டு வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது.

"ஆறு மாடி ஏறிட்டேன்டி! உங்க அண்ணன்கிட்ட சொல்லு!"

மறுநாள், தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆறாம் மாடிக் கதவைத் தள்ளி உள்ளே போயிருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தது மூன்றாம் மாடி.

"நீங்க எப்படி இங்க வந்தீங்க?" என்று அந்த மனிதரை அதட்டியிருக்கிறார்.

"நான் இங்கதானேம்மா வேலை பாக்குறேன்."

படிக்கட்டில் ஒவ்வொரு மாடிக்கும் நடுவே ஒரு திருப்பம், அதில் நின்று மூச்சு வாங்க ஒரு சின்னத் தளம். லிஃப்ட்டில் நடுவில் ஒன்றும் வராதே! அண்ணி அந்தத் திருப்பங்களையும் மாடிகளாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார்; மூன்று மாடி ஆறாகிவிட்டது. கட்டடம் முழுக்க ஒரே சிரிப்பு. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். மூக்குடைந்துவிட்டது, இனி அடங்கி வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பத்தனம்!

அடுத்த நாள் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிஜமான ஆறு மாடியையும் ஏறினார். ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று நாற்பது நிமிடம். ஆறாம் மாடிக்காரர் எழுந்து நாற்காலி போட்டாராம். அண்ணி உட்கார மறுத்துவிட்டார். ஐந்து மாதத்தில் ஒன்பதாவது மாடியும் காலுக்குள் வந்தது.

நடக்க ஆரம்பித்த பதினாலாம் மாதம் எடுத்த ஸ்கேனில் ஒரு சின்ன நிழல். நோய் திரும்பிவிட்டது.

பெரியம்மா மறுபடி வந்தார், மறுபடி பழங்கள். "அவ்வளவு ஏறி என்ன பிரயோஜனம்?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

"ஏறினா திரும்ப வராதுன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்று அண்ணி சீறினார். "இந்தப் பதினாலு மாசத்துல ஒரு நாள் நான் நோயாளியா இருந்தேனா? போய் அந்தக் கட்டடத்துல கேளுங்க. நோய் அதோட வேலையப் பாக்கட்டும். நான் என் வேலையப் பாக்குறேன்."

டாக்டரும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். மறுபடி கீமோ வேண்டும், ஆனால் போன முறையைவிட உடம்பு இப்போது தாங்கும். அந்த ஒரு வார்த்தையை அண்ணி வீட்டில் எல்லோரிடமும் நாலு தடவை சொன்னார்.

முதல் கீமோ அன்று நாங்கள் மூவரும் போனோம். வார்டு நான்காவது மாடியில். அண்ணன் ஓடிப்போய் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினால், அண்ணி படிக்கட்டில் நிற்கிறார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது லிஃப்ட்ல வாயேன்" என்றார் அண்ணன்.

"திரும்பி வரும்போது லிஃப்ட்ல வரேங்க. போகும்போது என் காலால போறேன்."

அண்ணன் லிஃப்ட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணி பின்னாலேயே ஏறினார். பதினோரு படி ஏறுவதற்குள் அண்ணனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பாடா. ஒரு மாடி முடிஞ்சுதா?"

"இது மாடி இல்லங்க, பாதிதான்" என்று அண்ணி அவர் கையைப் பிடித்தார். "நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வாங்க, ஏறுங்க."