சேற்றைப் பார்த்து வைத்த சீல்

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். ரப்பர் தோட்டத்துக்காரர் ஒருவர் கழித்துக்கட்டிய டிராக்டரை வாங்கி வந்து, உழவு மாடுகளையும் விற்றுவிட்டேன். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மறுபடி பேசியது, பின் சக்கரத்து அச்சிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கிய பிறகுதான்.

"கால்வாயில தண்ணி வந்தாச்சு. இது ஓடல்லைன்னா வயலைப் பாட்டத்துக்கு விட்டுருவேன், கேட்டியா? ஆளு சொல்லி வச்சாச்சு."

பாட்டம் என்று குத்தகைக்குப் போன வயல் சுலபத்தில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் நான் தோட்டத்துக் கூலிக்குத்தான் போக வேண்டும்.

வடசேரியில் லாரி சாமான் விற்கும் கடையில் ஒழுக்கை அடைக்க அளவு பார்த்து ஒரு சீல் வாங்கினேன். தோல் வளையம், ஒரு பக்கம் உதடு போல மடிந்து அச்சைக் கவ்விக்கொள்ளும். டிராக்டரைக் கருங்கல் அடுக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பழையதை நெம்பி எடுத்தேன். புதியதை மரக்கட்டையால் தட்டி இறக்கி, எண்ணெய் ஊற்றினேன். பழையபடியே ஒழுகியது. ஆத்திரத்தில் ஸ்பேனரை வைக்கோல் போருக்குள் எறிந்தேன். அதைத் தேடி எடுக்கவே பொழுது போயிற்று.

அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

"உதட்டை ஏண்டே வெளிய பாக்க வச்சிருக்க?"

"சேறு உள்ள போயிரப்பிடாதுல்லா, அதுக்குத்தான்."

"இப்ப ஒழுகுதது சேறாடே, எண்ணெயா?"

கேலிக்குத்தான் கேட்டார். எனக்குச் சுரீரென்றது. மடைப் பலகைக்குக் குளத்துப் பக்கம்தான் களிமண் அணைப்போம். தண்ணீர் அழுத்த அழுத்த அது இறுகும். இந்த டிராக்டரில் குளம் உள்ளே அல்லவா இருக்கிறது! வயல்காரன் புத்தி, வெளியே கிடக்கும் சேற்றுக்கே காவல் வைத்திருந்தேன். தோல் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து சீலைக் கழற்றி, உதடு எண்ணெயைப் பார்க்கும்படி திருப்பி இறக்கினேன்.

மறுநாள் காலையில் பாட்டக்காரர் மாடும் கலப்பையுமாக வரப்பில் வந்து நின்றார். நான் டிராக்டரை வயலில் இறக்கினேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே சேற்றில் நடந்தார். தண்ணீரில் எண்ணெய் மினுங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். வயலை ஒரு சுற்று முடித்தேன். தண்ணீரில் கலங்கல் மட்டும்தான் இருந்தது.

அண்ணன் நிமிர்ந்து வரப்பைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணாச்சி, மாட்டைத் திருப்பிக் கொண்டு போங்க. எங்க வயலை நாங்களே உழுதுகிடுவோம்!"

டிராக்டர் இரைச்சலில் பாட்டக்காரருக்குக் கேட்டதோ என்னவோ, எனக்கு நன்றாகவே கேட்டது.