கவிழ்த்தாலும் விழாத கடற்பாசி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, மறைக்கவும் இல்லை.

நசீர் நானா இன்று விடியற்காலை போய்விட்டார்... மாரடைப்பு. பின்னேரமே அடக்கமும் முடிந்துவிட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். காய்ந்த சிவப்புக் கடற்பாசியை அவரிடம்தான் வாங்கினேன். அதிலிருந்து, ஜெல்லிபோல உறையும் அகரை நானே எடுத்து, வெள்ளிக்கிழமை ஸ்கூல் விஞ்ஞானக் கண்காட்சியில் வைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

"பெக்கட்ல தூள் இருக்கே மகள். ஏன் இந்தக் கஷ்டம்?"

"தூள் எப்பிடி வந்ததெண்டு பாக்கோணும் நானா."

"அப்ப உறைஞ்சா முதல் துண்டு எனக்கு. பாத்திரத்தக் கவுத்தாலும் விழப்படாது!"

முதல் தடவை, பாசியைக் கொதிக்கவைத்து, கை சுடும் என்று ஆறவிட்டு வடித்தேன். வடிதுணியிலேயே உறைந்துவிட்டது. துணியோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

"உறைஞ்சிருக்குதானே! துணியோட திங்கச் சொல்றீங்களா?" சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

இரண்டாவது தடவை, "வீடெல்லாம் கடல் மணக்குது, தேசிக்காய் விடு" என்றார் அம்மா. நான்கு பழம் பிழிந்தேன். புளி கூடினால் உறையாது என்று அப்போது தெரியாது...

இதையும் எழுதத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரை ஃப்ரீசரில் வைத்துக் கட்டியாக்கி, உறைந்துவிட்டது என்று நேற்று அவரிடம் நீட்டினேன்.

விரலால் தொட்டுப் பார்த்தார். "ஃப்ரீசர்ல வெச்சா பச்சத் தண்ணியும்தான் உறையும் மகள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் இரண்டு கைப்பிடி பாசியைப் பேப்பரில் சுற்றித் தந்தார். "நாளைக்குக் கட பூட்ட முந்திக் கொண்டு வாங்க."

இன்று ஸ்கூலால் வந்ததும் அம்மா செய்தியைச் சொன்னார். இரவே ஊறப்போட்ட பாசி குசினியில் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அரைத் தேசிக்காய் மட்டும். கொதிக்கக் கொதிக்க வடித்தேன், கையில் துவாய் சுற்றிக்கொண்டு. யன்னலடியில் வைத்தேன். ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை.

உறைந்தது.

கடைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நானாவின் தம்பி தனியாக நின்றார். "முதல் துண்டு கேட்டவர்..." என்றேன். பாத்திரத்தை நீட்டினேன்.

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். "கவுத்துப் பாத்தீங்களா?"

அவருக்கும் சொல்லியிருக்கிறார் நானா.

தராசுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தேன். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். விழவில்லை.

"வீட்டாக்களுக்குக் குடுக்கிறன் மகள்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு பாத்திரம் செய்வேன். வருகிறவர்கள் முன்னால் கவிழ்த்தும் காட்டுவேன்.

போயிட்டு வாங்கோ நானா... கடை பூட்ட முந்திக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் படியிறங்கியபோது அவர் கடை விளக்குகளை அணைத்தார்.